கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவைக் காணோம்

கேள்வி: 9 ஜூன் 2024
தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியல் முழுவதும் கணினியில் ஏறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று வாரமாக இரவெல்லாம் விழித்துத் தேடிவிட்டேன். என் தாயாரின் தாத்தா பெயரும் எங்கள் குடும்பப் பெயரும் சேர்ந்து ஓரிடத்திலும் வரவில்லை. அவர் கூலியாக வந்தவரே அல்லர், சொந்தக் காசில் பயணச்சீட்டு வாங்கி வந்தவர் என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். பட்டியலில் பெயர் இல்லாததே அதற்குச் சான்று என்று கொள்ளலாமா? இல்லை, பட்டியலே அரைகுறையா?

9 ஜூன் 2024, இரவு
இரண்டுமே இல்லை. தேடிய முறைதான் தவறு. அதே தவற்றை நான்கு ஆண்டுகள் செய்தவன் என்பதால் துணிந்து சொல்கிறேன்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் முதல் கப்பல் 342 பேருடன் டர்பனை அடைந்த நாள் 1860 நவம்பர் 16. கடைசிக் கப்பலான உம்லாசி 1911 ஜூலையில் வந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் 384 பயணங்களில் வந்திறங்கியவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். நாம் கப்பல் பட்டியல் என்று சொல்லும் பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி உண்டு. குடியேற்ற எண், பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், அங்க அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பவை அந்த வரியில் இருக்கும். குடும்பப் பெயர் என்றொரு கட்டம் அதில் இல்லை. கப்பலேறிய நம்மவர்களுக்கு அப்படி ஒரு பெயரே இல்லாதபோது எழுத்தர் எதை எழுதுவார்? உங்கள் அடையாள அட்டையில் உள்ள கடைசிப் பெயரைத் தேடல் பெட்டியில் இடுவது, பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பதைப் போன்றது.

மாமாவின் கூற்றைப் பற்றி இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். சொந்தக் காசில் வந்த ‘பாசஞ்சர்’ இந்தியர்களில் பெரும்பாலோர் குஜராத்தி வணிகர்கள். தமிழர்களும் இருந்தார்கள், மொரீஷியஸ் வழியாக வந்தவர்களும் உண்டு. ஆனால் என் வயதுக்கு நான் கேட்ட தமிழ்க் குடும்பக் கதைகளில் பாதிப் பேருடைய பூட்டனார் சொந்தக் காசில் வந்தவர். மீதிப் பாதிப் பேருடைய பூட்டனார் வந்திறங்கிய அன்றே சர்தாராக, அதாவது கூலிகளுக்கு மேல் கங்காணியாக, ஆனவர். கரும்பு வெட்டியவர் எவருடைய பூட்டனாரோ தெரியவில்லை.

11 ஜூன் 2024
முன்குறிப்பின் கடைசி வரி சற்றுக் கடுமையாகிவிட்டது. மாமாவிடம் காட்ட வேண்டாம்.

குடும்பப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டேன். இந்நாட்டில் பிறந்த பிள்ளைகளைப் பதிவு செய்தபோதும் பள்ளியில் சேர்த்தபோதும் வேலைக்கு எடுத்தபோதும் ஆங்கில அலுவலகங்களுக்குக் கடைசிப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. சிலர் தந்தை பெயரைக் கொடுத்தார்கள்; அதுவே பிள்ளைக்கும் பேரனுக்கும் நிலைத்தது. சிலர் சாதிப் பட்டத்தைக் கொடுத்தார்கள். முதலியார் மூட்லி ஆனதும், கவுண்டர் கவெண்டர் ஆனதும், நாயுடு நைடூ ஆனதும் அப்படித்தான். என் தாத்தாவும் அவருடைய தம்பியர் இருவரும் ஒரு தாய் வயிற்றில், ஒரே தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவர்கள். மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள். இரண்டாவது தம்பியின் பேரனும் நானும் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பதினோர் ஆண்டுகள் இரண்டு தெரு இடைவெளியில் வாழ்ந்தோம். கோயிலில் பார்த்தால் தலையசைப்போம். சொந்தக்காரர் என்று இருவருக்குமே தெரியாது.

ஆகவே பின்னோக்கிப் போகும்போது ஏதோ ஒரு தலைமுறையில் குடும்பப் பெயர் என்ற கயிறு அறுந்துவிடும். அதற்கு மேல் வேறு கயிறு வேண்டும்.

12 ஜூன் 2024
எழுத்துக்கூட்டலைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கால எழுத்தர், காதில் விழுந்ததை ஆங்கிலேயக் காதால் கேட்டு எழுதினார். நம் உகரம் அவருக்கு இரண்டு ‘ஓ’. ஆகவே குப்புசாமியைத் தேடுபவர் ‘கே’ எழுத்தில் மட்டும் தேடக் கூடாது. ‘சி, ஓ, ஓ, பி, ஓ, ஓ’ என்று தொடங்கியும் தேட வேண்டும். முனுசாமி இந்நாட்டில் மூன்சாமி ஆனதும் இந்த இரண்டு ‘ஓ’க்களின் கைங்கரியமே. சின்ன என்று தொடங்கும் பெயர்கள் ‘எஸ்’ஸிலும் கிடக்கும், ‘சி’யிலும் கிடக்கும். வீராசாமியின் ‘வீ’ இரண்டு ‘ஈ’யுடனும் வரும், ஒற்றை ‘ஐ’யுடனும் வரும். முழுப் பெயரையும் இட்டுத் தேடுவதை விட்டுவிட்டு நடுவிலுள்ள மூன்று நான்கு மெய்யெழுத்துகளை மட்டும் நம்பித் தேடுவது என் வழக்கம்.

சென்னைக் கப்பலில் வந்தவர் எல்லாரும் தமிழர் என்றும் எண்ண வேண்டாம். விசாகப்பட்டினம், கஞ்சம் ஜில்லாக்களிலிருந்து வந்த தெலுங்கர்களும் அதே துறைமுகத்தில்தான் ஏறினார்கள். ‘அப்பல’ என்று தொடங்கும் பெயரைத் தமிழாக்க முயன்று நான் ஒரு மாலை முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன்.

15 ஜூன் 2024
திருத்தம். பட்டியல் அரைகுறை இல்லை என்று 9ஆம் தேதி அழுத்தமாக எழுதிவிட்டேன். பேரேட்டைப் பற்றி அது சரி. நீங்கள் திரையில் பார்ப்பதைப் பற்றி அது முழுவதும் சரியன்று. நீங்கள் தேடுவது பேரேட்டின் படத்தில் அன்று, அதைப் பார்த்துத் தட்டச்சு செய்த தரவில். பேராசிரியர் ஜாய் பிரெய்ன் தலைமையில் அந்த மாபெரும் உழைப்பு நடந்திராவிட்டால் இன்று இந்தப் பேச்சே இல்லை. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தின் வழியாக அது நமக்கெல்லாம் கிடைத்தது. ஆனாலும் 1880களின் எழுத்தர் ஒரு தவறு செய்திருக்கலாம். மங்கிய மையைப் படித்துத் தட்டச்சு செய்தவர் இன்னொரு தவறு செய்திருக்கலாம். நம் வீட்டில் பெயரைச் சொல்லிவந்தவர்கள் செய்த தவறு மூன்றாவது. மூன்றும் ஒரே பெயரில் சேர்ந்துவிட்டால் தேடல் பெட்டிக்குக் கண் தெரியாது.

எங்கே ஐயம் வருகிறதோ அங்கே மூலப் பக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

22 ஜூன் 2024
வேறு கயிறு என்று சொன்னேன் அல்லவா? அது எண். பழைய தலைமுறையினர் அதை ‘நம்பர்’ என்றே சொன்னார்கள். கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, ஒரு தனி எண் தரப்பட்டது. பெயர் நூறு வகையாகத் திரிந்தாலும் எண் திரியவில்லை. சம்பளக் கணக்கு, ஒப்பந்த முடிவு, திருமணப் பதிவு, பிள்ளைப் பிறப்பு, முதலாளி மீது புகார் ஆகிய அனைத்திலும் அதே எண்தான் ஆளுக்கு அடையாளம். மனிதனை எண்ணாக்கியது கொடுமை. அந்தக் கொடுமைதான் இன்று நமக்கு வழிகாட்டி. இதை எழுதும்போதே கசக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

எண்ணைக் கொண்டு காலத்தையும் கணிக்கலாம். 1866இல் ஆள் வரவு நின்றது; 1874இல்தான் மீண்டும் தொடங்கியது. அதற்கு முன் வந்தவர்கள் ஏறக்குறைய 6,400 பேர். உங்களிடம் உள்ள எண் அதற்குள் இருந்தால் உங்கள் முன்னோர் முதல் அலையில் வந்தவர். ஒரு லட்சத்தைத் தாண்டினால் இருபதாம் நூற்றாண்டில் வந்தவர். இங்கேயே பிறந்தவர்களுக்குக் கப்பல் எண் கிடையாது. அவர்களுடைய பதிவுகளில் தாய் தந்தையின் எண் இருக்கும்.

ஆகவே உங்கள் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘அவர் பெயர் பட்டியலில் உண்டா?’ என்பதை விட்டு, ‘அவர் எண் எந்தத் தாளில் இருக்கும்?’ என்று கேளுங்கள்.

30 ஜூன் 2024
நான்கு ஆண்டுகள் தவறு செய்தேன் என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு மூவர் கதை கேட்கிறார்கள். சொல்கிறேன்.

நானும் பெயரைத்தான் தேடினேன். இரண்டு ஆண்டுகள் கிடைக்கவில்லை. ஒரு நாள் கிடைத்தார். என் பூட்டனாரின் பெயர், தந்தை பெயராக என் தாயார் சொன்ன அதே பெயர், வட ஆர்க்காடு ஜில்லா, போளூர் தாலுக்கா, வயது 24, இடது முழங்காலில் தழும்பு. என் தந்தைக்கும் இடது முழங்காலில் தழும்பு உண்டு. அது 1961இல் மிதிவண்டியிலிருந்து விழுந்து ஏற்பட்டது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அந்த வரியைப் படித்தபோது என் கண் கலங்கியது. அந்த வரியை அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூசை அறையில் வைத்தேன். அடுத்து வந்த இரண்டு புரட்டாசியிலும் அவர் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, இலை போட்டுப் படைத்தேன்.

பிறகு என் பூட்டனாரின் எண் கிடைத்தது. அது வேறு எண். பெயரும் தந்தை பெயரும் அதேதான், தாலுக்கா ஆரணி. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தவர் யாரோ ஒருவருடைய பூட்டனார். இரண்டு ஆண்டுகள் என் வீட்டில் சாப்பிட்டுப் போனார். ஆள் மாறிவிட்டது என்று அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நம் பெயர்கள் சில நூறுதான். வந்தவர்களோ ஒன்றரை லட்சம் பேர். பெயரும் தந்தை பெயரும் ஒத்துப்போவது அதிசயமே அல்ல. வேறு ஒரு தாள் உறுதி செய்யும் வரை எவரையும் சட்டத்துக்குள் மாட்ட வேண்டாம்.

6 ஜூலை 2024
எந்தத் தாளில் எண் இருக்கும் என்று கேள்வி கேட்டவரே திரும்பக் கேட்டிருக்கிறார். நான் போன வழியைச் சொல்கிறேன்.

முதலில் தாத்தாவிலிருந்து தொடங்கினேன், பூட்டனாரிடமிருந்து அல்ல. அருகில் இருப்பவரை விட்டுவிட்டுத் தொலைவில் இருப்பவரிடம் தாவுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தாத்தா 1947இல் காலமானார். மிகச் சிறிய சொத்துதான்: ஒரு வண்டி, இரண்டு மாடு, குத்தகை நிலத்தில் காய்கறி. அவ்வளவு சிறிய சொத்துக்குக் கோப்பு இருக்காது என்று எண்ணியிருந்தேன், இருந்தது. பீட்டர்மரிட்ஸ்பர்க் சொத்துக் கோப்புகள் 1846 முதல் 1950 வரை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் படங்களாக உள்ளன. கணக்குத் தொடங்கக் காசு கிடையாது. அதே தளத்தில் நேட்டால் இறப்புப் பதிவுகளும் உண்டு. சில தொகுப்புகளின் படங்களை வீட்டிலிருந்து திறக்க முடியாது. அவர்களுடைய குடும்ப வரலாற்று மையத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

கோப்பின் முதல் தாள் மரண அறிவிப்புப் படிவம். அதுதான் பொன். இறந்தவர் பிறந்த இடம், தாய் தந்தை பெயர், மனைவி, பிள்ளைகள் அனைவர் பெயர் என்று கேட்டு நிரப்பியிருப்பார்கள். யார் சொல்லி நிரப்பினார்கள் என்பதையும் கவனியுங்கள். என் தாத்தாவின் படிவத்தை நிரப்பச் சொன்னவர் அவருடைய மருமகன். மாமனாரின் தாயார் பெயரை அவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். மருமகன்களுக்கு அது இயல்பு.

இரண்டாவது, தேசிய ஆவணக் காப்பகத்தின் நாயர்ஸ் என்ற கணினிக் குறியடைவு. பலர் அதில் தேடிவிட்டு ‘ஒன்றுமே திறக்கவில்லை’ என்று சலித்துக்கொள்கிறார்கள். அது கோப்பைக் காட்டாது. கோப்பு எந்தக் காப்பகத்தில், எந்தத் தொகுதியில், எந்த எண்ணில் கிடக்கிறது என்று மட்டுமே காட்டும். நூலகத்தில் புத்தகம் இருக்கும் இடத்தைச் சொல்லும் அட்டைகள் பெட்டியில் இருந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பீட்டர்மரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகளுக்கு இரண்டு ‘ஐ’ என்று குறி. அந்தக் குறியுடன் ஊரையோ தோட்டத்தையோ எண்ணையோ சேர்த்துத் தேடலாம். மனைவியை வேறு தோட்டத்திலிருந்து மாற்றித் தரக் கேட்டவர், சம்பளப் பாக்கிக்காக நடந்தே டர்பன் வந்தவர், ஊர் திரும்பக் கப்பல் கேட்டவர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். கப்பல் பட்டியலில் ஆள் ஒரு வரி. அங்கே அவருக்கு வாய் இருக்கிறது.

நேரில் போக முடியாதவர்களுக்காக, தென்னாப்பிரிக்க மரபுவழி ஆய்வுச் சங்கத்தின் இணையக் கிளையான ஈஜிஜிஎஸ்ஏ வழியாகக் கோப்புகளைப் படமெடுத்து அனுப்பும் ஏற்பாடு உண்டு. கல்லறைக் கற்களின் படங்களையும் அவர்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இலவசமாகக் கிடைக்கும் ஒரே வரியை அலங்காரச் சான்றிதழாக அச்சிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒரு முறை காசு கொடுத்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன். வந்த சான்றிதழில் என் பூட்டனார் பெண் என்று இருந்தது.

7 ஜூலை 2024
நேற்றைய குறிப்பில் எண் எங்கே கிடைத்தது என்பதையே சொல்லாமல் முடித்துவிட்டேன் என்று சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. எனக்கு வயதாகிவிட்டது.

திருமணப் பதிவில் கிடைத்தது. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறையிலோ பதிவாளர் முன்னிலையிலோ நடக்காத திருமணங்களைச் செல்லாதவை ஆக்கியது. தாலி கட்டிய பெண்களெல்லாம் ஒரே நாளில் மனைவியர் அல்லர் என்றாயிற்று. காந்தி தலைமையில் நடந்த அவ்வாண்டுப் போராட்டத்தில் பெண்கள் சிறைக்குப் போனதற்கு, ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்கியவர்கள் மீது விதித்த 3 பவுண்டு தலைவரியோடு இதுவும் காரணம். 1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் அந்த வரியையும் நீக்கியது. திருமணங்களைப் பதிவு செய்துகொள்ளவும் வழி வகுத்தது.

என் பூட்டனாரும் பூட்டியும் 1915இல் பதிவு செய்துகொண்டார்கள். அப்போது அவர்களுடைய மூத்த மகனாகிய என் தாத்தாவுக்கு வயது 17. அரசாங்கக் கணக்கில் அவர் தம் பெற்றோர் திருமணத்துக்குத் தாமே சென்று வந்தவர். தாளில் கணவர் எண், மனைவி எண் இரண்டும் தெளிவாக இருந்தன. பூட்டி வேறொரு கப்பலில் ஒன்பது வயதுச் சிறுமியாகத் தன் தாயுடன் வந்தவள் என்பது அந்த இரண்டாவது எண்ணால் தெரிந்தது. அதுவரை எங்கள் வீட்டில் அவளைப் பற்றி எவரும் எதுவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

ஆகவே திருமணத்தை 1880களிலும் 1890களிலும் தேடிக் களைத்தவர்கள் 1914க்குப் பிந்தைய ஆண்டுகளிலும் தேடுங்கள்.

7 ஜூலை 2024, இரவு
ஒன்றை மறந்தேன். அந்தத் தாளின் அடியில் மனைவிக்குப் பெருவிரல் ரேகை. கணவரின் கையெழுத்து தமிழில். புள்ளி வைக்காத பழைய எழுத்து. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ‘ல’ என்று சொல்லிவந்த இடத்தில் அவர் ‘ழ’ என்று எழுதியிருந்தார். ஆங்கில ‘எல்’ வழியாகப் பெயரைக் கற்றுக்கொண்ட நாங்கள் அவருடைய பெயரையே தவறாகச் சொல்லிவந்திருக்கிறோம்.

பாடசாலையில் தமிழ் படித்தது எதற்கு என்று என் பேத்தி கேட்பாள். அந்த ஓர் எழுத்துக்காக.

19 ஜூலை 2024
சாதிக் கட்டத்தைப் பற்றி ஒருவர் தனியே எழுதியிருக்கிறார். பட்டியலில் உள்ளதும் இன்று தம் குடும்பப் பெயர் காட்டுவதும் வேறு வேறாக இருப்பதால் வீட்டில் பெரும் சண்டையாம். பட்டியல்தான் உண்மையா என்று கேட்கிறார்.

எழுத்தர் எழுதியது மூன்று வடிகட்டி தாண்டி வந்த சொல்: ஆள் சொன்னது, ஆள் பிடித்த தரகன் சொல்லச் சொன்னது, எழுத்தருக்குப் புரிந்தது. ஆகவே அதை வேதவாக்காக்க வேண்டாம். அதே சமயம், கடலைத் தாண்டியதும் சிலர் தமக்குப் பிடித்த பட்டத்தைச் சூட்டிக்கொண்டார்கள் என்பதும் உண்மையே. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஐந்தாண்டு அடிமைப்பட்டு உழைத்தவன் ஒரு பட்டத்தையாவது தானே எடுத்துக்கொண்டான். என் பெரியத்தை மட்டும் ‘ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக் கூடாது என்று சொன்னால் கேட்கிறாயா?’ என்று ஆறு மாதம் என்னிடம் பேசவில்லை.

முதலில் நான் குடும்பத்தாருக்கு அனுப்பிய படியில் அந்தக் கட்டத்தை மறைத்து அனுப்பினேன். பிறகு அது சரியன்று என்று பட்டது. முழுப் படியையும் அனுப்பினேன். இப்போது கேட்டால், பெரியவர்கள் இருந்தவரை மறைத்ததும் சரி, பிறகு காட்டியதும் சரி என்பேன். பொதுவெளியில் மட்டும் மற்றவர் குடும்பத்தின் அந்தக் கட்டத்தைப் போட வேண்டாம்.

4 ஆகஸ்ட் 2024
மொரீஷியஸ் வழியாக வந்த கிளை பற்றிய கேள்விக்கு: அங்கே போக்கா என்ற இடத்தில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. அந்தத் தொகுப்பு 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அங்கே 1860களிலிருந்து குடியேறியவர்களைப் படமெடுத்தும் வைத்தார்கள். நம் கப்பல் பட்டியலில் படம் கிடையாது. பொறாமையாக இருக்கிறது. முழங்கால் தழும்பைக் கொண்டு முகத்தைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது நமக்கு.

5 ஆகஸ்ட் 2024
திருத்தம்: நேற்று போக்கா என்று எழுதிவிட்டேன், அவ்வூர் மோக்கா. காப்பியின் பெயரைத் தவறாக எழுதும் அளவுக்குத் தூக்கம்.

18 ஆகஸ்ட் 2024
ஊரைக் கண்டுபிடிப்பது பற்றி. பட்டியலில் உள்ள ஜில்லா இன்று இல்லை. வட ஆர்க்காடு 1989இல் பிரிந்தது. போளூர், ஆரணி, வந்தவாசி, செய்யாறு எல்லாம் இன்று திருவண்ணாமலை மாவட்டம். தென் ஆர்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்று இரண்டானது. செஞ்சியும் திண்டிவனமும் விழுப்புரத்தின் பக்கம் வந்தன. சித்தூரோ வட ஆர்க்காட்டிலிருந்து 1911இல் தனி மாவட்டமாகி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. வட ஆர்க்காடு என்றிருந்தால் உடனே வேலூருக்கு விமானச்சீட்டு வாங்க வேண்டாம்.

தாலுக்கா தெரிந்துவிட்டால் ஓர் எளிய வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பட்டா, சிட்டா பார்க்கும் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்கக் கட்டங்கள் உள்ளன. நமக்குப் பட்டா தேவையில்லை. வட்டத்தைத் தேர்ந்தெடுத்தவுடன் இறங்கும் கிராமப் பெயர் வரிசைதான் தேவை. அதை மேலிருந்து கீழாக உரக்கப் படியுங்கள். ஆங்கிலேயக் காதில் எது அப்படி ஒலித்திருக்கும் என்று நாக்குக்கே தெரிந்துவிடும். கண்ணால் தேடி ஒரு மாதம் கிடைக்காத என் ஊர், வாயால் தேடிய பத்தாவது நிமிடத்தில் கிடைத்தது. அப்படி ஒலிக்கும் கிராமங்கள் இரண்டு; அவற்றில் ஒன்று என்பது உறுதி, எது என்று இன்னும் தீரவில்லை.

20 ஆகஸ்ட் 2024
சென்னையிலிருந்து எழுதியவர் சுட்டிக்காட்டியபடி, அந்த வரிசையில் இருப்பவை வருவாய்க் கிராமங்கள். அவற்றுக்குள் அடங்கிய குக்கிராமங்களும் சேரிகளும் அதில் தனியே வரா. நம்மில் பலர் புறப்பட்டது அப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான். ஆகவே என் இரண்டு கிராமங்கள் என்பதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நம்மவர் ஒவ்வொருவர் பெயரும் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு போக வேண்டாம் என்றும் அவர் எச்சரிக்கிறார். அங்கே குடியேற்றம் பற்றிய அரசாணைகளும் கடிதப் போக்குவரத்தும்தான் மிகுதி. ஊர்ப் பெயருக்கு மேல் ஏணி இல்லை என்பது என் அனுபவமும்கூட.

22 செப்டம்பர் 2024
புரட்டாசி தொடங்கிவிட்டது. சட்டம் போட்ட போளூர்க்காரரின் வரியை என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு: கழற்ற மனம் வரவில்லை. என் பூட்டனாரின் வரியைப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். நேற்று இரண்டு இலை. அவருடைய கொள்ளுப்பேரன் எவராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், சட்டத்தோடு தந்துவிடுகிறேன்.

29 செப்டம்பர் 2024
கேள்வி கேட்டவருக்கு மனமார்ந்த பாராட்டு. தாயாரின் தந்தையுடைய சொத்துக் கோப்பிலிருந்து 1916ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக்குப் போய் எண்ணையும் எடுத்துவிட்டார். ஆனால் அந்த எண்ணைப் பட்டியலில் இட்டால் விசாகப்பட்டினத்திலிருந்து வந்த எட்டு வயதுப் பெண் குழந்தை வருகிறதாம். ‘மாமாதான் சரி, கொள்ளுத்தாத்தா கப்பல் பட்டியலிலேயே இல்லை’ என்று எழுதியிருக்கிறார்.

கூலியாக வராதவரின் திருமணப் பதிவில் குடியேற்ற எண் எதற்கு? மாமாவின் கட்சி அந்த இடத்திலேயே தோற்றுவிட்டது. அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். நீங்கள் இங்கே இட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாம் இலக்கத்தை நீங்கள் 1 என்று படித்திருக்கிறீர்கள். அதே தாளில் அந்த எழுத்தர் நாளைக் குறிப்பிட்ட இடத்தில் 17 என்று எழுதியிருக்கிறார். அவருடைய 1க்குத் தலையில் கொக்கி இல்லை, 7க்குச் சிறிதாக உண்டு. உங்கள் மூன்றாம் இலக்கத்தின் தலையில் கொக்கி இருக்கிறது. 7 இட்டுப் பாருங்கள்.

6 அக்டோபர் 2024
7தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண், வயது 22, வந்தவாசி தாலுக்கா. தந்தை பெயர் உங்கள் தாயார் சொன்னதோடு ஒத்துப்போகிறது. மனைவியின் எண்ணையும் அதே தாளிலிருந்து எடுத்து இன்றே தேடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். கிராமத்தின் பெயரை எழுத்தர் எழுதியபடியே, ஓர் எழுத்தையும் திருத்தாமல், இங்கே இடுங்கள். வந்தவாசி வட்டத்துக் கிராம வரிசையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.